சங்கிலியில் இரண்டு பூட்டு

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தேசியப் பூங்காவின் எல்லையில், காட்டுச் சாலை பக்கத்து நாட்டுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு இரும்பு கேட் இருக்கிறது. அதற்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. கல்யாணமான வருஷம் சேர்ந்தாள். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது.

நான் அவள் தம்பி. அதே பூங்காவில் ஜீப் ஓட்டுகிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அக்கா தினம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். இருக்கட்டும். புத்தி நிறைய உள்ளவர்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அதனால் மட்டாக உள்ளவனே சொல்லிவிடுகிறேன்.

காடு ஒன்று, நாடு இரண்டு. முன்பெல்லாம் இரண்டு நாட்டுப் பூங்கா ஆட்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் காலையில் எண்ணிய யானைக் கூட்டம் சாயங்காலம் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கும்; அங்கேயும் எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் எங்களிடம்தான் யானை அதிகம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒப்பந்தம் வந்தது. சேர்ந்து எண்ணினார்கள். தொகை பாதியாகிப் போனது. அன்றைக்கு இரண்டு அலுவலகமும் இழவு வீடு மாதிரி இருந்தன. மச்சான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

மச்சான் என்றால் அக்காவின் புருஷன். பூங்காவின் தீயணைப்புக் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. கோடை முழுக்கப் புகையில் நிற்பதால் ஊரில் அவருக்குக் கரிமூஞ்சி என்று பெயர். அவரே போனில் "ஹலோ, கரிமூஞ்சி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒப்பந்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது வந்த பிறகு வேட்டைக்காரன் எல்லையைத் தாண்டி ஓடித் தப்பிக்க முடியவில்லை. அடிபட்ட மிருகத்துக்கு எந்தப் பக்கத்து டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் போனார். காட்டுத்தீ எந்த நாட்டில் பிடித்தாலும் இரண்டு நாட்டுக் குழுவும் போயாக வேண்டும் என்று விதி வந்தது. மலைமேல் இருந்த வேலியைப் பிடுங்கி யானைகளுக்கு வழி விட்டார்கள். சாலை போகிற பள்ளத்தில் மட்டும், மரம் கடத்தும் லாரிகளுக்குப் பயந்து, வேலியையும் கேட்டையும் அப்படியே விட்டு வைத்தார்கள். இரண்டு ஆள் உயரம், கட்டைவிரல் பருமனில் கம்பி, உச்சியில் சுருள் சுருளாக முள்கம்பி. எங்கள் பக்கம் கேட்டைத் தாண்டியதும் அகலமாக ஜல்லி கொட்டிய வெட்டவெளி. அந்தப் பக்கம் கேட்டை ஒட்டியே ஆளை மறைக்கிற புல்லும் முள்ளும்.

அந்த கேட்டை இரண்டு நாடும் திறக்க முடிய வேண்டும், ஒருவர் சாவி மற்றவரிடம் இருக்கக் கூடாது. இதற்கு அக்காவும் அந்தப் பக்கத்துப் பழைய காவலரும் ஒரு வழி செய்திருந்தார்கள். சங்கிலியின் ஒரு முனையில் எங்கள் பூட்டு. மறு முனையில் அவர்கள் பூட்டு. இரண்டு பூட்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுவது. இரண்டு பேர் கைகோத்து நிற்கிற மாதிரி. யார் தன் பூட்டைத் திறந்தாலும் கை விட்டுப்போகும், சங்கிலி கழன்று விழும். ஆனால் ஒன்று மட்டும் செய்யக் கூடாது: பக்கத்துப் பூட்டை விட்டுவிட்டு, சங்கிலியின் இரண்டு முனையையும் தன் பூட்டிலேயே மாட்டக் கூடாது. மாட்டினால் பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கும். மற்ற பூட்டு ஓரத்தில் சும்மா தொங்கும். அதை ஆயிரம் தடவை திறந்தாலும் கேட் அசையாது.

பழைய காவலர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்குச் சுங்கச் சாவடியிலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்த அன்றே அவருக்குப் புதுசு என்று பெயர் வைத்துவிட்டோம். வந்து சில நாளில் அந்தத் தப்பைத்தான் அவர் செய்தார். சுங்கச் சாவடிப் பழக்கம்: முனையோடு முனை சேர்த்து நறுக்கென்று பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார்.

அன்றைக்கு மச்சானும் அவருடைய ஆட்களும் அந்தப் பக்கம் தீக்கோடு எரிக்கப் போயிருந்தார்கள். காய்ந்த புல்லை நாமே முன்கூட்டி ஒரு பட்டையாக எரித்துக் கரியாக்கி வைத்துவிட்டால், பெரிய தீ வரும்போது அதைத் தாண்டாது; அதுதான் தீக்கோடு. வேலை முடிந்து திரும்பி வந்தால் கேட் திறக்கவில்லை. அக்கா இந்தப் பக்கம் தன் பூட்டைத் திறந்து திறந்து பார்க்கிறாள், அது தனியாகக் கழன்று கையோடு வருகிறது. பொழுது சாய்கிற நேரம். பின்னால் புல்லுக்குள் யானைக் கூட்டம் கிளை ஒடிக்கிற சத்தம். மச்சானும் ஆட்களும் கேட்டோடு முதுகை ஒட்டிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். கம்பி வழியாக அக்கா மச்சானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. புதுசு வந்து திறக்கும்வரை அவள் சட்டையை விடவில்லை.

அன்று புதுசு வாங்கிய திட்டு இருக்கிறதே! இரண்டு நாட்டுச் சட்டத்திலும் அப்படித் திட்ட இடமில்லை.

"என்னடா நினைச்சுட்டு இருக்கே? இது உன் வீட்டுப் பீரோவா? எட்டு உசுரு வெளியே நிக்குது!"

"பத்திரமா இருக்கட்டுமேன்னு பூட்டுனேன்க்கா."

"யாருக்குடா பத்திரம்? பூட்டுக்கா, ஆளுக்கா?"

மச்சான்தான் குறுக்கே வந்து, "விடும்மா, யானையே என்னைப் பாத்துட்டு, ஐயோ பாவம், இவன் ஏற்கெனவே கருகித்தான் இருக்கான்னு போயிடுச்சு" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து "சங்கிலி" என்பாள் என்று மச்சான் என்னிடம் சொன்னார்.

மறுநாளே புதுசை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள். உட்கார வைத்து என்றால் அவர் அந்தப் பக்கம் முக்காலியில், இவள் இந்தப் பக்கம் முக்காலியில், நடுவில் கேட். கோத்துப் பூட்டு, திற, மறுபடி கோத்துப் பூட்டு. கை பழகிய பிறகு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டச் சொன்னாள்.

"எதுக்குக்கா கண்ணை வேற கட்டணும்?"

"புகைல கண்ணு தெரியாதுடா. அப்ப கைக்குத் தெரியணும். இந்தா பார், நீ உன் பூட்டைத் திறந்தா கேட் திறக்கும். நான் இருக்கேன். கண்ணை மூடிட்டு நம்பு."

புதுசு நல்ல மனுஷன். திட்டியவர்களிடம் பாசமாகிவிடுகிற ஜாதி. மூன்று வருஷம் ஆகியும் எங்களுக்கு அவர் புதுசுதான். காலையில் டூட்டிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை திறந்து பூட்டிக் காட்டிவிட்டு, "அக்கா, பாஸா?" என்பார். "இன்னைக்குப் பாஸ், நாளைக்குத் தெரியாது" என்பாள் அக்கா. பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான், இழுப்புதான் கொஞ்சம் வேறு. கம்பி இடுக்கில் டீ தம்ளர் போகும், வரும். புதுசுக்குக் குழந்தை பிறந்தபோது அக்கா ஸ்வெட்டர் பின்னிக் கம்பி வழியாகக் கொடுத்தாள். அவருடைய சம்சாரம் லீவு நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும். "அத்தைக்குக் கை கொடு" என்று குழந்தையின் கையைக் கம்பிக்குள் நுழைத்துக் காட்டும்.

இந்த வருஷக் கோடையில் ஆரம்பத்திலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. மழை ஏமாற்றிவிட்டது. உதிர வேண்டிய காலத்துக்கு முன்பே இலை உதிர்ந்து, ஜீப் போனால் சாலையே நொறுங்குகிற சத்தம் கேட்டது. குளங்களில் சேறு வெடித்துக் கிடந்தது. மான்கள் வெட்கத்தை விட்டு எங்கள் குடியிருப்புக் குழாயடிக்கு வந்து நின்றன. மச்சான் இரண்டு வாரமாகப் பகலும் ராத்திரியுமாகத் தீக்கோடு எரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு குறைந்து இருமல் கூடிவிட்டது.

"மாப்ள, இந்தத் தடவை காத்து சரியில்லைடா. காலைல ஒரு திக்கு, மத்தியானம் ஒரு திக்கு. எந்தப் பக்கம் பாயும்னே தெரியலை" என்றார் ஒருநாள். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விழா வந்தது. ஒப்பந்தத்தின் ஆண்டு விழா. நகரத்தில் பெரிய மண்டபம், இரண்டு நாட்டு அதிகாரிகள், இன்னும் எந்தெந்த நாட்டிலிருந்தோ வேடிக்கை பார்க்க ஆட்கள். எல்லைக் கேட்டில் இத்தனை வருஷம் ஒரு சண்டை இல்லாமல் காவல் காத்ததற்காக அக்காவுக்கும் புதுசுக்கும் கேடயம். எங்கள் பூங்காவின் தலைவி, மேடம், தானே குடியிருப்புக்கு வந்து சொன்னார். நல்ல மனுஷி, அவரைப் பற்றி யாரும் தப்பாகப் பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அக்கா போக மறுத்தாள். "தீக்காலத்துல கேட்டை விட்டுட்டு எங்கே போறது மேடம்? கேடயத்தைத் தபால்ல அனுப்பச் சொல்லுங்க."

"ஒரு நாள்தானேம்மா. உங்களுக்கு இல்லாம யாருக்குக் கொடுக்கறது?"

மச்சானும் சேர்ந்துகொண்டார். "போயிட்டு வா. ஏசி ஹால்ல உக்காந்து ஒரு நாளாவது வேர்க்காம இரு. வரும்போது எனக்கு ரெண்டு கேக் சுருட்டிட்டு வா."

புதுசு வரவில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு காவலரும் ஒரே நாளில் போனால் கேட்டில் விவரம் தெரிந்தவர் யார் இருப்பது? "அக்கா, நீங்க போங்க. என் கேடயத்தையும் நீங்களே வாங்கிட்டு வாங்க. நான் இருக்கேன். கண்ணை மூடிட்டு நம்புங்க" என்று அவள் வசனத்தையே அவளிடம் திருப்பினார்.

அக்காவின் இடத்துக்கு அன்றைக்கு அலுவலகக் காவலாளியைப் போட்டார்கள். அவருக்கு மூணிழுப்பு என்று பெயர். எந்தப் பூட்டைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவ்வளவு பொறுப்பு. ஒருநாள் கூட லேட்டாக வந்தவர் இல்லை, ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. அக்கா முந்தின நாள் அவரைக் கேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "நம்ம பூட்டை அவங்க பூட்டுல கோத்துத்தான் போடணும். முனையோட முனை போடாதீங்க" என்றாள். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். ஆனால் போகும்போது என்னிடம், "என்னப்பா இது, அவன் சாவி இருந்தாலும் திறக்குமாமே! அப்புறம் நம்ம பூட்டு எதுக்கு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விழாவன்று காலையில் நான்தான் அக்காவை ஜீப்பில் கூட்டிப்போனேன். வழி நெடுக அவள் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் வாசலிலிருந்து மேடைவரை கம்பளம். சில்லென்று குளிர். அக்கா புதுப் புடவையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவர் பேசினார், அவர் பேச்சை இன்னொருவர் மொழிபெயர்த்தார். எல்லையில்லாக் காடு என்றார்கள், பொதுச் சொத்து என்றார்கள். நல்ல வார்த்தைகள்தான். எனக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே ஜீப்புக்கு வந்து வயர்லெஸ்ஸைப் போட்டேன்.

போட்டதும் மச்சானின் குரல்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் தீ. காலையிலேயே பிடித்திருக்கிறது. எங்கள் குழு கேட் வழியாக உள்ளே போய்விட்டது. மூணிழுப்புதான் திறந்துவிட்டாராம். புதுசு வழிகாட்டக் கூடவே போயிருக்கிறார். "காத்து திரும்புது, ஆனா பயமில்லை. கேட் பக்கமா இறங்கி வந்துடுவோம். புதுசுகிட்ட சாவி இருக்கு" என்று மச்சான் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே ஓடி, குனிந்து அக்காவின் காதில் சொன்னேன். அவள் தீயைப் பற்றிக் கேட்கவில்லை. "இவங்க உள்ளே போன பிறகு கேட்டைப் பூட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

வராந்தாவுக்கு வந்து என் போனிலிருந்து மூணிழுப்பைக் கூப்பிட்டாள். பின்னால் பம்ப் ஓடுகிற இரைச்சல். தீ என்றதும் மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்காமல், குளத்தடிக்கு டிராக்டர் எடுத்துப்போய் டேங்கரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேட்டை எப்படிப் பூட்டுனீங்க?"

"கவலையே படாதீங்கம்மா. மூணு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நம்ம பூட்டை எதுல மாட்டுனீங்க?"

"ரெண்டு முனையும் சேத்துதாம்மா. ஆள் இல்லாத இடம், லூசா விட்டுட்டு வர முடியுமா? அவங்க பூட்டு பாட்டுக்கு ஓரமாத் தொங்குது."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெல்ல, பச்சைக் குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "அண்ணே, அப்படியே எல்லாத்தையும் போட்டுட்டு கேட்டுக்குப் போங்க. திறந்து விடுங்க. இப்பவே போங்க."

எதிர்முனையில் பம்ப் நின்றது. பிறகு, "ஐயோ" என்றார் மூணிழுப்பு.

மேடம் மேடையில் இருந்தார். யார் சொன்னார்களோ, மைக்கை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார். ஜீப்பில் ஏறி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். மச்சானைக் கூப்பிட்டார். பதில் இல்லை. கரகரவென்று சத்தம், இடையில் இருமல், "கேட்டுக்கு" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். "கேட்டுக்கு வராதீங்க, கேட் திறக்காது, கரிநிலத்துக்குப் போங்க" என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான் அந்த ஜீப்பை ஓட்டிய மாதிரி அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, இனிமேலும் ஓட்ட மாட்டேன். பாதி வழியிலேயே வானம் பழுப்பாகிவிட்டது. எதிரே காகங்களும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக வந்தன. அக்கா ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்களுக்குள் கோப்பதும் பிரிப்பதுமாகவே வந்தாள். அது நிற்கவே இல்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்காமல், "ஒண்ணும் ஆகாதுக்கா, மச்சானுக்கு அந்தக் காடு தண்ணி பட்ட பாடு" என்றேன். என் குரலை எனக்கே நம்பப் பிடிக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீ கேட்டைக் கடந்து போயிருந்தது. கடந்து என்றால் அந்தப் பக்கமே, வேலி ஓரமாகவே ஓடி மேற்கே போய்விட்டது. எங்கள் பக்கத்து ஜல்லி வெளியில் ஒரு புல் கூடக் கருகவில்லை. கேட் திறந்து கிடந்தது. மூணிழுப்பு ஜல்லிமேல் உட்கார்ந்திருந்தார். கொதிக்கிற பூட்டை வெறும் கையால் பிடித்துத் திறந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெந்து போயிருந்தன. எங்களைப் பார்த்ததும் அந்தக் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

புதுசு கேட்டின் அந்தப் பக்கம், கம்பியை ஒட்டிக் கிடந்தார். மூணிழுப்பு தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்தை மூடியிருந்தார்.

மச்சான் பிழைத்தார். அவருடைய ஆட்களும் பிழைத்தார்கள். ஆட்களில் ஒருவனுக்கு ஓடும்போது கால் பிசகிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத்தான் வர முடிந்தது. "அண்ணே, நீங்க தூக்கிட்டு வாங்க. நான் முன்னாடி போய்த் திறந்து வைக்கறேன், நேரா உள்ளே வந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் புதுசு முன்னால் ஓடியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி நடுவில் தீ புகுந்துவிட்டது. மச்சானும் ஆட்களும் போன வாரம் எரித்து வைத்த கரிநிலத்தில் குப்புறப் படுத்து, மூக்கை மண்ணில் புதைத்துத் தப்பினார்கள். அந்தக் கரிநிலம் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். புதுசும் ஓடி வந்து படுத்திருக்கலாம். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், திறந்து வைக்க வேண்டும் என்று அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"சங்கிலிச் சத்தம் கேட்டுச்சுடா மாப்ள" என்றார் மச்சான், ஆஸ்பத்திரியில். "புகைக்குள்ள ஒண்ணும் தெரியலை. ஆட்டறான், இழுக்கறான், மறுபடி ஆட்டறான். நாங்க பின்னாடி வரோம்னு நினைச்சுட்டு அங்கேயே நின்னான். அக்கா அக்கான்னு கூப்பிட்டான்." மச்சான் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். கரிமூஞ்சி அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு விசாரணை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்த நாட்டிலிருந்து சிலர், அந்த நாட்டிலிருந்து சிலர், கேட்டின் இரண்டு பக்கமும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்தார், கேட் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருந்தது என்றார்கள். அவர்கள் பக்கத்தார், தங்கள் காவலர் பதற்றத்தில் பூட்டைச் சரியாகத் திறக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். இப்படிச் சொன்னால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, ஒப்பந்தத்துக்கும் பங்கம் இல்லை. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ விஷயத்துக்கு மல்லுக்கு நின்றவர்கள் இதில் மட்டும் ஒரே நாளில் ஒத்துப்போய்விட்டார்கள். மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூணிழுப்பு கைக்கட்டோடு வந்து, "நான்தான் பூட்டினேன், நான்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். அக்காவிடம், அறிக்கை வெளியாகும்வரை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை போய்விடும் என்றார்கள்.

நானும் சொன்னேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "அக்கா, போனவன் போயிட்டான். மச்சானுக்கு மருந்துக்கு வேணும், வேலையை விட்டுடாதே" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேட்டுக்குப் புதுச் சங்கிலி வந்தது. அந்தப் பக்கத்துக்கு வேறு காவலர் வந்தார். அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அக்கா அவரையும் முக்காலியில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள். ஆனால் கண்ணைக் கட்டச் சொல்லவில்லை, நம்பு என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் டீசல் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். கரிந்த தரைமேல் தூசி பறக்க அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தது. புதுசின் சம்சாரம். இடுப்பில் குழந்தை. அக்கா பின்னிய ஸ்வெட்டர் அதற்குச் சின்னதாகிப்போய்க் கைப்பாதியில் நின்றது. இந்த வெயிலில் எதற்கு அதைப் போட்டுவிட்டதோ தெரியவில்லை. புதுக் காவலர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். எங்கள் பக்கத்தில் விசாரணைக் குழுவின் ஆள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்; பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, ஆபீஸ்ல சொல்றாங்க. அவருக்குப் பதட்டத்துல திறக்கத் தெரியலையாம். சாவியை மாத்திப் போட்டுட்டாராம். ஊர்லயும் அப்படித்தான் பேசறாங்க, ஒரு பூட்டைத் திறக்கத் தெரியாம செத்தான்னு. தினம் காலைல இங்கே திறந்து காட்டுவேன்னு என்கிட்ட சொல்வாரே. பொய்யாக்கா?"

நான் கேனைக் கீழே வைத்தேன். விசாரணை ஆள் தொண்டையைக் கனைத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சங்கிலியைக் கையில் எடுத்தாள். புதுப் பூட்டுகள் இரண்டும் கோத்தபடி தொங்கின.

"அவன் பூட்டு திறந்துதாம்மா இருந்துச்சு. சாவி அதுலேயே இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். திறக்காம இருந்தது எங்க பூட்டு. எங்க ஆள் தப்பாப் போட்ட பூட்டு."

விசாரணை ஆள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அம்மா, போதும்" என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தது, பிறகு அக்காவைப் பார்த்தது. "அப்ப அவர் சரியாத்தான் செஞ்சாரா?"

"நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே செஞ்சான்மா" என்றாள் அக்கா. "என்னை நம்பிச் செஞ்சான்."

குழந்தை பழைய பழக்கத்தில் கையைக் கம்பிக்குள் நீட்டியது. அக்கா அதைத் தொடப் போனாள். அதற்குள் அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தது.